எலும்பு எனக்கு, இதயம் அவருக்கு

தொறந்த பாட்டில்னு எனக்கும் தெரியும்மா, நீங்க திருப்பி எடுத்துக்கவே வேணாம். இந்தப் பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ எழுதியிருக்கு பாருங்க, அத மட்டும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க போதும். கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.

எங்க? தலையிலயா? அட, ஆமா. இது... இது தூரத்துக்கும்மா. பஸ் நம்பர் பாக்கறதுக்கு.

எனக்கில்ல, எங்க மாடி வீட்டம்மாவுக்கு. அவங்களுக்குத்தான் சந்தேகம். பக்கத்து கிளினிக்ல என் வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுக்கறாங்க. எடுத்து, ரிசல்ட் வந்து, டாக்டர் கூப்பிட அரை மணி நேரமாவது ஆகும். உங்க மருந்துக் கடையில கூட்டமும் இல்ல, சரி, அந்தம்மாவுக்காக ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்.

ஆமாம்மா, வைட்டமின்தான். டி-யும் கே-யும் சேர்ந்தது. டாக்டர் எழுதிக் குடுத்தது டி மட்டும்தான், வாரத்துக்கு ஒண்ணு. ரத்தத்துல முப்பதாவது இருக்கணுமாம், எனக்கு ஒன்பதுதான் இருந்துச்சு. ஏம்மா, நீங்க குகையிலயா குடியிருக்கீங்கன்னு கேட்டாரு டாக்டரு.

எனக்குன்னா சொன்னேன்? சரி விடுங்க. மாடி வீட்டம்மா யாரும் இல்ல. எங்க வீட்டுக்கு மாடியே இல்ல.

ஆனா அந்தக் குகை விஷயம் நெஜம்மா. ஹோட்டல் லாண்டரியில வேலை எனக்கு. தரைக்குக் கீழ ரெண்டு மாடி. இருபத்தாறு வருஷம் ஆச்சு. காலையில ஏழு மணிக்கு எறங்கினா சாயங்காலம் நாலுக்குத்தான் மேல வருவேன். வெளிய வெயிலா மழையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? நீச்சல் குளத்துத் துண்டு மூட்டை மூட்டையா வந்தா வெயிலு. ஒண்ணுமே வரலன்னா மழை. அவ்வளவுதான் எங்க வானிலை அறிக்கை. அப்படி இருந்தா எலும்பு என்னத்துக்காகும்? போர்வையோட ஒரு முனையப் புடிச்சு உதறினாலே தோள்பட்டை கடகடங்குது.

டாக்டர் குடுத்தத ஒழுங்காத்தான் சாப்ட்டேன். எங்ககூட இஸ்திரி போடற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்கதான் சொன்னாங்க, வெறும் டி போட்டா ஆபத்து, கே-யும் சேர்த்துப் போடணும்னு. டி வந்து சுண்ணாம்புச் சத்த உடம்புக்குள்ள கூட்டிட்டு வருமாம். உள்ள வந்தவங்களுக்கு எங்க உக்காரணும்னு தெரியாதாம். கே-தான் கையப் புடிச்சு எலும்புல கொண்டுபோய் உக்கார வைக்குமாம். இல்லன்னா அது பாட்டுக்கு இதய ரத்தக்குழாய்ல போய்ப் படிஞ்சு அடைச்சுக்குமாம்.

அது இன்னும் உறுதியா நிரூபிக்கலையா? அந்தக்கா சொன்ன விதத்துல நிரூபிச்ச மாதிரிதாம்மா இருந்துச்சு. இஸ்திரிப் பெட்டிய கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் பேசினா எதுத்துக் கேக்கத் தோணாது.

அவங்களே போன்ல ஆர்டர் போட்டு வாங்கிக் குடுத்தாங்க. வந்து பாத்தா, பாட்டில் மேல ஒரு எலும்பு படம், பக்கத்துலயே ஒரு இதயம் படம். எண்ணெய் அடைச்ச உருண்டை, நூத்தம்பது. எனக்கு எலும்புல கோளாறு. வீட்ல இதயத்துல கோளாறோட ஒருத்தர் இருக்காரு. எனக்காகவே செஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. எலும்பு எனக்கு, இதயம் அவருக்கு. ஆளுக்குப் பாதி.

ஏன் பேனாவக் கீழ வெச்சுட்டீங்க?

சொல்றேன், சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு இதயத்துல வால்வு மாத்தினாங்க. செயற்கை வால்வு. ராத்திரி அமைதியா இருந்தா டிக்கு டிக்குன்னு கேக்கும். நாங்க சுவர்க் கடியாரத்தையே எடுத்துட்டோம். ரத்தம் கட்டாம இருக்க தெனமும் மாத்திரை. மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, ஒரு நம்பர் வரும். ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கணும். மூணு வருஷமா நின்னுச்சும்மா, கோடு போட்ட மாதிரி.

நிக்காம என்ன? அவரு யாருன்னு நெனச்சீங்க? டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரு. முப்பத்தொரு வருஷம். அந்தக் கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும்ல, அதனால புள்ளைங்க அவருக்கு வெச்ச பேரே ரெண்டாம் பிரேக்கு. வீட்லயும் அதேதான். டிவியில எவனாவது வேகமா ஓட்டினா சோபாவுல உக்காந்தபடியே இவரு காலால தரைய அமுக்குவாரு. நான் சமையக்கட்டுல சட்டுனு திரும்பினா, பின்னாடி பாத்துத் திரும்புன்னு குரல் வரும். கல்யாணமாகி இத்தன வருஷத்துல அந்த மனுஷன் எனக்குச் சொல்லித்தான் குடுத்திருக்காரு, என்னை ஒண்ணு கேட்டதா எனக்கு ஞாபகமே இல்ல.

அப்பேர்ப்பட்டவரு மாத்திரைய மறப்பாரா? ஏழு அறை போட்ட டப்பா. ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொண்ணா பேர் சொல்லிப் போடுவாரு, பரீட்சை வைக்கற மாதிரி. அதுல புதுசா ஒரு உருண்டைய நான் சேத்தா விடுவாரா? முதல் நாளே நீட்டினேன். எந்த டாக்டர் எழுதினாரு, சீட்டு எங்கன்னாரு. இஸ்திரி போடற அக்கான்னு சொல்ல முடியுமா?

அதனால வேற வழி பண்ணேன். ரூமுல தங்கறவங்க துணியில நம்பர் சீட்டு குத்தறதுக்கு எங்ககிட்ட சின்ன ஊக்கு இருக்கும். காலையில அத எடுத்து உருண்டைய ஒரு குத்து, ஒரு அமுக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் வரும், மஞ்சளா. அவரு முட்டையில மஞ்சக்கரு மேல விட்டா கடவுளாலயே கண்டுபுடிக்க முடியாது. இருபத்தாறு வருஷம் ஊக்கு குத்தின கை இது, ஒரு சொட்டு வெளிய போவாது. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சும்மா. இப்படித் தெரியாம நல்லது பண்றதுல ஒரு ருசி இருக்கு பாருங்க.

அப்புறம் மொத டெஸ்ட் வந்துச்சு. ரெண்டுதான். டாக்டர் தலையத் தூக்கிப் பாத்து, ஒழுங்கா போடறீங்களான்னாரு. இவருக்கு வந்ததே கோவம். மாத்திரை அளவக் கூட்டினாங்க. அடுத்த டெஸ்ட், ஒண்ணேமுக்கால். கூட்டியும் கொறையுது! டாக்டர் கடுமையா சொல்லிட்டாரு, இப்படி விட்டா வால்வுல ரத்தம் கட்டிக்கும், நேரா மூளைக்குப் போகும்னு. இன்னும் கூட்டினாங்க. எங்க பொண்ணு போன்ல அழறா, அப்பா மறந்துடறீங்க, ஒத்துக்கோங்கன்னு. மணியடிக்கற டப்பா ஒண்ணு வாங்கி அனுப்பினா.

நான் என்ன பண்ணேனா? நானும் சேந்து திட்டினேன். கவலையில இன்னும் ஒரு சொட்டு கூட விட்டேன்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன்.

ஆனா அவரு சிரிக்கலம்மா. மாத்திரை போட்ட ஒடனே சமையக்கட்டு சுவத்துல பென்சிலால ஒரு கோடு போட ஆரம்பிச்சாரு. அப்புறம் அந்தக் கோட்டையே நின்னு பாப்பாரு, இது இன்னைக்குப் போட்டதா நேத்துப் போட்டதான்னு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஸ்கூல் முதலாளிகிட்ட போய்க் கார் சாவிய மேசை மேல வெச்சுட்டு வந்துட்டாரு. மாத்திரைய மறக்கறவன் நாளைக்கு பிரேக்க மறக்க மாட்டான்னு என்ன நிச்சயம், பக்கத்துல ஒக்காந்திருக்கறது யார் வீட்டுப் புள்ளையோன்னு சொன்னாராம். வீட்டுக்கு வந்து என்கிட்ட அத சொல்லும்போது அவரு மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

என்ன சொல்றீங்க? ரத்தம் கட்டறதுக்கு உடம்புல வேல செய்யறதே அந்த கே-தான்கறீங்க. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கே இன்னொரு பக்கம் இழுக்கும். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரக் கேக்காம தொடவே கூடாது. அதானே எழுதியிருக்கு? மூணாவது வரியில.

ஆமா, நீங்க இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல. எனக்குத் தெரியும். நான் படிச்சுட்டேம்மா. இந்தக் கண்ணாடியப் போட்டுத்தான் படிச்சேன். பதினோரு நாளாச்சு. ரெண்டாவது பாட்டில் வந்துச்சு, சும்மா கையில உருட்டிக்கிட்டே பின்பக்கம் பாத்தேன்.

அன்னைக்கே நிறுத்திட்டேன். சத்தியமா. ஒரு சொட்டு குடுக்கல. நிறுத்திட்டா நம்பர் தன்னால ஏறிடும், டாக்டரும் சந்தோஷப்படுவாரு, இவருக்கும் ஞாபகம் திரும்பி வந்த மாதிரி ஆயிடும், நான் வாயத் தொறக்கவே வேணாம்னு கணக்குப் போட்டேன்.

ஏம்மா எந்திரிச்சுட்டீங்க?

மெதுவா சொல்லுங்க. கே-ய எதுத்து நிக்கறதுக்குத்தான் டாக்டர் அளவ ரெண்டு தடவ கூட்டினாரு. இப்ப எதுக்க ஆளில்ல, ஆனா கூட்டின அளவு அப்படியே இருக்கு. அப்போ நம்பர் ஏறி எங்க போய் நிக்கும்? ஏறினா ரத்தம் எங்கயாவது கசிய ஆரம்பிச்சுடுமா?

அய்யோ. காலையில அவரு பல்லு வெளக்கும்போது துப்பினதுல ரத்தம் இருந்துச்சும்மா. முந்தாநாள் முழங்கையில ஒரு நீலம். எங்க இடிச்சேன்னு ஞாபகமில்லன்னு சொன்னாரு. அதுவும் மறதியாம் அவருக்கு. அதப் பாத்துட்டுத்தான் பாட்டிலப் பையில போட்டுக்கிட்டு வந்தேன். தெரிஞ்ச டாக்டர் முன்னாடி சொல்ல வெக்கம், தெரியாத உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கலாம்னு.

தலைக்கு அடிபட்டதா? இல்ல. வயித்து வலி, கருப்பாப் போறது, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் நடந்து வந்தாரு.

கிளினிக்குக்கு போன் பண்றீங்களா? பண்ணுங்க, ஒடனே பண்ணுங்க. பேரு வேணாம், ரெண்டாம் பிரேக்குன்னு சொன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். அந்த நர்சம்மாவே அவருகிட்ட வண்டி கத்துக்கிட்டவங்கதான். நான் குடுத்தத அப்படியே சொல்லுங்க. பத்து வாரம் குடுத்தேன், தெனமும் ரெண்டு சொட்டு, சில நாள் மூணு. நிறுத்திப் பதினோரு நாள். பாட்டில அவங்ககிட்ட காட்டறேன்னு சொல்லுங்க.

என்ன சொன்னாங்க? ரிசல்ட் வந்தவொடனே டாக்டர் மொதல்ல இவரையே பாக்கறாரா. நல்லதும்மா. சரிபண்ணிடுவாங்கன்னா சரி. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

ஏன் பதினோரு நாள் சொல்லலன்னா... பயம்தான். திட்டுவாரு, பொண்ணு திட்டுவா, இஸ்திரி அக்கா பேரு கெடும்.

இல்லம்மா. அது நாலு நாளைக்குத்தான். பயமெல்லாம் அதுக்கு மேல நிக்காது.

சாவியக் குடுத்துட்டு வந்த மறுநாள், நாலு மணிக்கு நான் படியேறி மேல வரேன். ஹோட்டல் பின்வாசல்ல, குப்பை வண்டி நிக்கற எடத்துல, இவரு நிக்கறாரு. என்னங்கன்னேன். தனியா வர பயமா இருந்துச்சு, வழி மறந்துடுமோன்னு. ஆனா உன்கூட நடந்து போலாம்னு வந்துட்டேன்னாரு. முப்பது நிமிஷ நடை. மூணு வாரமா தெனமும் வராரு. நல்ல வெயிலு. என் கையப் புடிச்சுக்கறாரும்மா, ரோட்டக் கடக்கும்போது. இந்தப் பக்கமா போகணும், அந்தப் பக்கமான்னு என்னைக் கேக்கறாரு. காலையில நான் மாத்திரை போட்டேனான்னு என்னைக் கேக்கறாரு. நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேன்னு ஒரு நா கேட்டாரு. எனக்கு அந்த மூணாவது வரி தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டே, போட்டீங்க போட்டீங்கன்னு சொல்லிக்கிட்டு நடந்தேன். அவரு அவ்வளவு பயந்துபோய் இருந்தாரு, நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். இதுக்கு என்ன மருந்தோ, உங்க அலமாரியில இருக்கான்னு தெரியல.

அதோ வராரு. சட்டைக்கைய மடிச்சு, பஞ்ச அமுக்கிக்கிட்டு. கண்ணாடிக் கதவுகிட்ட நின்னுட்டாரு பாருங்க, இந்தக் கடையா, பக்கத்துக் கடையான்னு யோசிக்கறாரு.

இங்கதாங்க! இந்தக் கடைதான், சரியாத்தான் வந்திருக்கீங்க. பஞ்ச விடாதீங்க, நல்லா அமுக்கிப் புடிங்க. ஆமா, நான்தான் இங்க வரச் சொன்னேன். நீங்க ஒண்ணையும் மறக்கல. ஒரு நாள்கூட, ஒரு மாத்திரைகூட மறக்கலங்க. வாங்க, டாக்டர் கூப்பிடறதுக்குள்ள நடந்துக்கிட்டே சொல்றேன். கையக் குடுங்க.