வரிசையை விட்டு நகராதீங்க, வக்கீல் சார்

— வரிசையை விட்டு நகராதீங்க, வக்கீல் சார். நகர்ந்தா இந்தச் சர்ச்ல அடுத்த வெள்ளிக்கிழமைதான் மீன்.

— மேடம், நான் சாப்பிட வந்திருக்கேன். வழக்கைப் பத்தி ஆபீஸ்ல பேசிக்கலாம்.

— உங்க ஆபீஸா? அத்தனை தடவை கூப்பிட்டதுல, அங்க போன் எடுக்கிற பொண்ணோட நாய்க்குட்டிக்கு என்ன பேருன்னுகூட எனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு வெளியே உங்க குரலை இன்னிக்குத்தான் கேக்குறேன்.

— நீங்க ஒரு வக்கீல் வெச்சிருந்தா அவர்கிட்ட பேசியிருப்பேன்.

— வக்கீலுக்குக் கொடுக்கக் காசிருந்தா, நான், இந்த வாண்டா, ஏன் சார் திவாலாகுறேன்? அதான் எனக்கு நானே வாதாடுறேன்.

— ஏம்மா, பேச்சு நல்லாப் பொரியுது. மீன் பொரிஞ்சுதா?

— இதோ ஆச்சு, பெரியவரே. வக்கீல் சாருக்குப் பின்னாடி நீங்கதான்.

— மெஷின்ல இடது பக்கச் சூட்டுக் குமிழைக் கொஞ்சம் ஏத்திவிடு. அந்தப் பக்கம் எப்பவும் சோம்பேறி.

— அட, ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எண்ணெய்ச் சத்தமே சொல்லுதே. எனக்கு மூணு துண்டு.

— சரி சார், விஷயத்துக்கு வருவோம். திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் நேர்ல பேசிட்டு வாங்கன்னு நீதிபதி சொன்னாரா இல்லையா?

— பேச ஒண்ணுமே இல்ல. என் கட்சிக்காரர்கிட்ட கடனுக்கு வாங்கின பொரிக்கிற மெஷினை நீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க. ஒளிச்சவங்களுக்குக் கடனைத் தள்ளுபடி பண்ணக்கூடாது. அவ்வளவுதான் என் மனு.

— அவ்வளவுதானா! நீங்க சொல்றதைக் கோர்ட்டு ஒத்துக்கிட்டா என் பொழப்பே போச்சு. அது இருக்கட்டும், இங்க எத்தனை வாரமா சாப்பிடுறீங்க?

— தவக்காலம் தொடங்கினதுலேருந்து, வெள்ளிக்கிழமை கறி கிடையாதே. ஏன்?

— மீன் எப்படி?

— நல்லா... ரொம்ப நல்லா இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— கொஞ்சம் குனியுங்க. என் முழங்கைக்குக் கீழே ஒரு தகடு தெரியுதா? படிங்க.

— நோவாக்...

— சத்தமா, சார். பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.

— நோவாக் சமையல் சாமான் கடை. என் கட்சிக்காரர் கடை! இது... அந்த மெஷின் இங்கயா இருக்கு?

— என் கடையைக் காலி பண்ணினப்ப, பங்குச் சாமியார்தான் இந்தச் சர்ச் சமையலறையில இடம் கொடுத்தார். கோர்ட்டுல கொடுத்த தாள்ல எழுதியிருக்கேன். உங்களுக்கும் எழுதினேன், வந்து பாருங்கன்னு. நீங்களும் வாராவாரம் வந்தீங்க, தட்டைத்தான் பாத்தீங்க!

— அம்மா, சிரிச்சு வயிறு வலிக்குது. பசி வேற. மூணு துண்டு, மறந்துடாதே.

— சார், நான் கேக்குறது ஒண்ணுதான். ஈஸ்டர் முடிஞ்சதும் சின்னதா ஒரு கடை போடப்போறேன். இந்த மெஷின் என்கிட்ட இருக்கட்டும். மாசாமாசம் தவணை கட்டிடுறேன்.

— நடக்காது. என் கட்சிக்காரர் தவணைக்கு ஒத்துக்கவே மாட்டார்.

— அவரைக் கேட்டீங்களா?

— கேக்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்.

— ஏன் தம்பி, அவர் எப்படிப்பட்ட ஆளு?

— பெரியவரே, குறுக்க பேசாதீங்க.

— சும்மா சொல்லேன். தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

— கறாரான ஆளு. ஈவிரக்கமே கிடையாது. போதுமா?

— பாவம். அவர் பொண்டாட்டியும் அதையேதான் சொல்லுவா.

— அவர் பொண்டாட்டியை உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நாப்பது வருஷமா அவ சமைச்சதைத்தானே தின்னுட்டிருக்கேன். கடையைப் பையன்கிட்ட விட்டேன், அவன் போய் வக்கீலா உன்னைப் பிடிச்சான். அம்மா, நான்தான் நோவாக். இந்தத் தம்பி என் போனையும்தான் எடுத்ததில்ல. தவணை எனக்குச் சம்மதம். எனக்கு மூணு துண்டு போடு, என் வக்கீலுக்கு வெறும் முட்டைக்கோஸ் போதும்.