ஜூலைக்காரி, ஆகஸ்ட்காரன்

ஓதீல்: தட்டாதே, கதவு திறந்துதான் இருக்கு.

தியெரி: அக்கா? நீ இன்னும் கிளம்பலையா?

ஓதீல்: இன்னிக்குத் தேதி என்ன?

தியெரி: முப்பத்தொண்ணு.

ஓதீல்: அப்போ ஜூலை இன்னும் முடியல. ஆகஸ்ட் பொறக்கற வரைக்கும் வீடு என்னோடது. செருப்பைக் கழட்டிட்டு வா, இப்பத்தான் மணலைப் பெருக்கினேன்.

தியெரி: எப்பவும் முப்பதாம் தேதியே போயிடுவியே. சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும்...

ஓதீல்: நீயும் எப்பவும் ஒண்ணாம் தேதி மதியம்தான் வருவே.

தியெரி: நாளைக்கு ரோடு தாங்காது. பாதி நாடு லீவு முடிஞ்சு திரும்பும், மீதிப் பாதி கிளம்பும். தீவுக்கு வர்ற பாலத்துல மூணு மணி நேரம் நிக்கணும். அதான்... வீடு காலியா இருக்கும்னு நெனச்சேன்.

ஓதீல்: இல்ல. நான் இருக்கேன்.

தியெரி: பரவால்ல. எங்கயாவது தங்கிக்கறேன். நாளைக்கு வர்றேன்.

ஓதீல்: நில்லுடா. கையில என்ன?

தியெரி: முலாம்பழம். வர்ற வழியில சந்தையில வாங்கினேன்.

ஓதீல்: அந்த மீசைக்காரன்கிட்டயா?

தியெரி: அவனேதான். நாலஞ்சு பழத்தை மோந்து மோந்து பாத்தான். ‘மதியத்துக்கா, ராத்திரிக்கா?’ன்னான். ‘நாளைக்கு’ன்னேன். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, கொஞ்சம் காயா வேற ஒண்ணு எடுத்தான்.

ஓதீல்: அப்போ இது ஆகஸ்ட் பழம். ஜூலையில வெட்டினா குத்தம்.

தியெரி: கிண்டலா?

ஓதீல்: கிண்டல்தான். உக்காரு. தோட்டத்துல பலகை போட்டிருக்கேன். சிப்பி இருக்கு, அது மேல போட்டுக் கொளுத்திச் சுட பைன் சருகு ஒரு கூடை பொறுக்கி வெச்சிருக்கேன்.

தியெரி: எவ்வளவு சிப்பி?

ஓதீல்: ரெண்டு கிலோ.

தியெரி: நீ ஒருத்திக்கு ரெண்டு கிலோவா?

ஓதீல்: ரெண்டு பேருக்கு.

தியெரி: நான் இன்னிக்கு வருவேன்னு உனக்கு யாரு சொன்னா?

ஓதீல்: உன் பொண்டாட்டி. போன வாரம் போன் பண்ணேன். உன்கிட்ட சொல்லாதேன்னேன். சொல்லலையே? நல்ல பொம்பள. உனக்கு அதிகம்.

தியெரி: அதான் அவளும் பிள்ளைங்களும் நாளைக்கு ரயில்ல வர்றோம்னு... சரி. எதுக்கு இதெல்லாம்?

ஓதீல்: ஒரு வேளை சேர்ந்து சாப்பிடலாம்னு. ஆறு வருஷம் ஆச்சு.

தியெரி: ஆறு வருஷம் ஆனதுக்கு நானா காரணம்?

ஓதீல்: நான்தான்னு ஊருக்கே தெரியுமே.

தியெரி: ஆமா, சொன்னேன். சித்தப்பாகிட்ட சொன்னேன், அத்தைகிட்ட சொன்னேன், யாரு கேட்டாலும் சொன்னேன். பொய்யா? அப்பா போனதும் வீட்டைப் பிரிச்சுக்கிட்டோம். ஜூலை உனக்கு, ஆகஸ்ட் எனக்கு. அம்மாவுக்கு என்ன கிடைச்சுது? முதியோர் இல்லமும் சக்கர நாற்காலியும். ஒரு வாரம் கடல் பக்கம் இருக்கணும்னு உன்கிட்ட கேட்டா. ஒரே வாரம்! நீ வாசல்ல படி இருக்கு, நாற்காலி ஏறாதுன்னே.

ஓதீல்: மூணு படி.

தியெரி: மூணு படி! ஒரு பலகை போட்டு ஏத்தியிருக்கலாம்.

ஓதீல்: ஏத்தியிருக்கலாம்.

தியெரி: செப்டம்பர்ல அவளைப் புதைச்சோம்.

ஓதீல்: அங்கேயே வெச்சு, ‘இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்’னே. ஞாபகம் இருக்கு... படி காரணமில்லடா.

தியெரி: தெரியும். அந்த ஆளு.

ஓதீல்: இவோன். அவனோட எனக்கு அதுதான் முதல் கோடை. அம்பத்தொம்பது வயசுல. காலையில சந்தை, மதியம் தூக்கம், சாயங்காலம் கடல்... நடுவுல அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாத்தி... வேண்டாம்னு தோணிச்சு.

தியெரி: சே.

ஓதீல்: சேதான். அவனும் அக்டோபர்ல என்னை விட்டுட்டுப் போயிட்டான். சும்மா நிக்காதே, சிப்பியை அடுக்கு. வாய் கீழ, முதுகு மேல. இல்லாட்டி சாம்பல் உள்ள போயிடும்.

தியெரி: எனக்கே சொல்லித் தர்றியா? இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாம்.

ஓதீல்: நீ எங்க கேட்டே? கத்தினே.

தியெரி: நான் கத்தினது...

ஓதீல்: சொல்லு.

தியெரி: ஒண்ணுமில்ல. தீப்பெட்டி எங்க?

ஓதீல்: இந்தா. தியெரி... அம்மா உன்கிட்ட ஆகஸ்ட்டைக் கேக்கவே இல்லையா?

தியெரி: இல்ல.

ஓதீல்: இல்லையா?

தியெரி: கேட்டிருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?

ஓதீல்: சரி.

தியெரி: என்ன சரி? ஏன் அப்படிப் பாக்கறே?

ஓதீல்: குச்சி விரலைச் சுடப்போவுது. கீழ போடு.

தியெரி: ஆமா, கேட்டா.

ஓதீல்: ம்.

தியெரி: மே மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை, போன்ல. மாமனார் வீட்டு ஆளுங்க எட்டுப் பேர் வர்றாங்க, இடமில்லன்னேன். எட்டுப் பேரெல்லாம் இல்ல... நாலு பேர். ‘அக்காவோட ஜூலை இருக்கே, அவளைக் கேளும்மா’ன்னேன். ‘சரிப்பா’ன்னு வெச்சிட்டா. ரெண்டு நிமிஷம்கூட இல்ல. டிவியில சைக்கிள் ரேஸ் ஓடிக்கிட்டிருந்துது, போய்ப் பாத்தேன்.

ஓதீல்: ம்.

தியெரி: கல்லறையில உன்னைப் பாத்ததும் வாய் தானா கத்த ஆரம்பிச்சுது. உன்னைத் திட்டற வரைக்கும் என்னை யாரும் கேக்க மாட்டாங்கல்ல... இப்போ சொல்லிட்டேன். நீ திட்டு. நல்லாத் திட்டு.

ஓதீல்: எனக்குத் தெரியும்டா.

தியெரி: என்ன தெரியும்?

ஓதீல்: நீ இடமில்லன்னது. மாமனார் வீட்டு எட்டுப் பேர். எல்லாம்.

தியெரி: யாரு சொன்னா?

ஓதீல்: அம்மா.

தியெரி: எப்போ?

ஓதீல்: என்கிட்ட ஜூலையைக் கேட்ட அன்னிக்கே.

தியெரி: எல்லாம் தெரிஞ்சுமா சும்மா இருந்தே... ஊரெல்லாம் உன்னை அசிங்கப்படுத்தினேனே! ‘நீ மட்டும் என்ன யோக்கியம்’னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் வாய் மூடியிருக்கும். என்னைக் காப்பாத்தினியா, அக்கா?

ஓதீல்: உன்னை எதுக்குடா நான் காப்பாத்தணும்? நீ முடியாதுன்னப்போ அம்மாவுக்கு இன்னும் நான் இருந்தேன். ‘தம்பி முடியாதுன்னுட்டான், உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல’ன்னு சொல்லித்தான் என்னைக் கேட்டா. அதைக் காதால கேட்டுட்டுத்தான் நானும் முடியாதுன்னேன்.