செல்வி சரிபார்த்த வரிகள்

டீ ஆறிவிட்டால் குடிக்கமாட்டேன். மற்றபடி எனக்குப் பிடிவாதம் எதுவும் கிடையாது. திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும் தேவநாதன் தங்கமான ஆள் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் விசாரணை என்று வந்து கேட்டதால் இதையெல்லாம் சொல்கிறேன்.

போன வருஷம், 2005இல், நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துகொண்டிருந்தோம். மரக்காணம் உப்பளங்களில் உப்புத்தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை ஒரு சின்னப் பெட்டி வைத்து ஓட்டவும் நிறுத்தவும் அது. முழுக்கக் கட்டற்ற மென்பொருள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். மூடி வைத்த புரோகிராம் எதற்கும் இடமில்லை. ஒருவர் பேக்கேஜ் கட்டினால் இன்னொருவர் அதன் சோர்ஸை, அதாவது எழுதிய வரிகளை, படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். நான் கட்டியவற்றைப் படித்தவள் ஆரோக்கியசெல்வி. அவள் அப்பா சவரிமுத்து அங்கே ஓர் உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பங்கு பூட்லோடர். கரண்ட் வந்ததும் பெட்டியில் முதலில் ஓடுவது அதுதான். எங்கள் சிஸ்டத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான் எழுதிய பூட்லோடர் ஒருநாள் எழுப்பும், மறுநாள் எழுப்பாது. பெட்டியைச் செய்த கம்பெனியின் பூட்லோடர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் அதன் சோர்ஸைக் கம்பெனி தராது. உப்பு வாரத் தொடங்குவதற்குள் பெட்டி போய்ச் சேர வேண்டும், என் பெயரும் அதில் இருக்க வேண்டும். அதனால் ஓடுவதற்குக் கம்பெனியின் கோப்பையும், படிப்பதற்கு நான் எழுதிய சோர்ஸையும் வைத்துக் கட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பார்கள். நம்புகிறவர்களுக்குப் பரிமாறினால் முடிகிறது.

செல்வி பொறுமையாகப் படித்தாள். "ரொம்ப சுத்தமா எழுதியிருக்கீங்கண்ணா" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது நான் எழுதியதுதானே.

கம்பெனிக் கோப்பில் ஒரு குறை இருந்தது. கரண்ட் போய்த் திரும்பினால், எங்கள் சிஸ்டம் எழுந்து அணைக்கும்வரை அது மோட்டாரைப் போட்டுவிடும். பெட்டி சுவிட்சைப் போடும் 'டக்' சத்தத்தை என் மேஜையிலேயேப் பல தடவை கேட்டேன். திருத்துவதற்குச் சோர்ஸ் இல்லை. வெளியே சொன்னால் குட்டு உடைந்துவிடும். கொஞ்சம் உப்புத்தண்ணீர் கூடுதலாக வரும், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரில் கை வைப்பவர் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்வார். அவரே திரும்பச் செருகினால்தான் மோட்டார் ஓடும். பெட்டி மாட்டிய அன்று சவரிமுத்து என்னைக் கேட்டார்.

"தம்பி, இனிமே பீஸ் கட்டைய புடுங்க வேணாமா?"

"வேணாங்க. பட்டன அமுக்கி நிறுத்திட்டா போதும். கட்டைய புடுங்கினா பெட்டி கெட்டுப்போயிடும்."

பெட்டி கெடாது. ஆனால் கட்டையைத் திரும்பச் செருகும்போதெல்லாம் மோட்டார் தானாகச் சுற்றும், அவர் ஏன் என்று கேட்பார்.

பங்குனியில் ஒரு காலை சவரிமுத்து பட்டனை அமுக்கிவிட்டு பெல்ட் மாற்ற உட்கார்ந்தார். இடையில் கரண்ட் போயிருக்கிறது. மோட்டார் ஏற்கெனவே நின்றிருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. கரண்ட் திரும்பி வந்தபோது அவர் கை பெல்ட்டுக்குள் இருந்தது. கழுத்தில் கிடந்த துண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பாஞ்சாலை ஓடி வருவதற்குள் மோட்டார் தானாக நின்றுவிட்டதாம். எங்கள் சிஸ்டம் சரியாக எழுந்து அணைத்திருக்கிறது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்குப் போனேன், அழுதேன். அது பொய் அழுகை இல்லை, அவர் நல்ல மனிதர். உப்பளங்களில் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். ஆராய்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி அவற்றை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

"நான் சரின்னு சொன்னதுலதாண்ணா தப்பு இருக்குது. எங்கயோ பாக்காம விட்டுட்டேன்" என்றாள் செல்வி.

அன்றிலிருந்து தினமும் அந்தச் சோர்ஸை முதல் வரியிலிருந்து படித்தாள். பெட்டியில் ஒருநாளும் ஓடாத வரிகள் அவை. வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன்.

போன வாரம் ஒரு வரியில் விரல் வைத்தாள். "இதுவாண்ணா?"

அதில் தப்பே இல்லை. நான் எழுதியதிலேயே நல்ல வரி அது. அவள் முகத்தைப் பார்த்தேன். இளைத்துக் கறுத்துப் போயிருந்தது. "ஆமாம்மா, இதுதான்" என்றேன்.

அடக்கத்தில்கூட அழாதவள் அப்போது அழுதாள். "எங்கப்பாவ நானே கொன்னுட்டேண்ணா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

உன் தப்பை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை இன்று உங்கள் முன்னால் மீற வேண்டியதாகிவிட்டது. எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.