கரண்ட் போன கடற்போர்

“மீசையை இப்பவே தடவிக்கோங்கண்ணே, சாயங்காலம் இருக்காது.”

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினிலிருந்து நகரத்துக்கு வரும் பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு துறைமுகக் கூலிகள், ஒரு மீசைக்கார அண்ணனும் ஓர் இளைஞனும். முந்தின நாள் டிவியில் கொரியாப் படம். பத்துப் பன்னிரண்டு கப்பலோடு நின்ற தளபதியை எதிரிகள் நூற்றுக்கணக்கில் சூழ்ந்தபோது, அவர்கள் தெருவில் கரண்ட் போய்விட்டதாம். ஜெயித்தது யாரென்று பந்தயம். தோற்றவருக்கு மீசை போகும்.

“கடல் பூரா அவன் கப்பல்தாண்டா. தளபதி காலி.”

“நீங்க கப்பலைப் பாத்தீங்க, நான் தண்ணியைப் பாத்தேன். நீரோட்டம் திரும்பிருச்சுண்ணே. ஒடுக்கமான இடம், இனி அவன் கப்பலே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்.”

“நீ கண்டியாக்கும்?”

“இருவது வருசமா அலோன் துறையில நிக்கிறீங்க, படத்துல மிதந்த பலகை எந்தப் பக்கம் போச்சுன்னு பாக்கலையா? லான்மடாவ் பேட்டையில இருக்க நம்ம மச்சான் வீட்டுல கரண்ட் போகலை, அவன் முழுசாப் பாத்திருக்கான். சாயங்காலம் கேட்டுக்குவோம்.”

அண்ணன் மீசையைத் தடவுவதை நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் பேட்டரி உண்டு, அதே படத்தை நான் முடிவுவரை பார்த்தேன். படத்தின் கீழே ஓடிய வசன எழுத்து எனக்குப் படிக்க வராது. மூழ்குவது யார் கப்பல் என்று பார்க்க எழுத்து எதற்கு? வாய்வரை வந்ததை வெற்றிலையோடு அடக்கிக்கொண்டேன்.

இறங்கும்போது அண்ணனின் மீசையை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அழகான மீசை, பாவம்.