புலியைப் பார்க்கும் முகம்

தம்பையா: இன்னும் கொஞ்சம் கோவமாப் பாரு மதினி.

இராக்கம்மா: பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

தம்பையா: இதுவா கோவம்? அரிசி போடுற அன்னைக்கு வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு ஒன் மொகம்.

இராக்கம்மா: செத்த புலிகிட்ட என்னத்தடா கோவப்படுறது? வயித்துல அடச்ச மானாப்புல்லு, வாயில முட்டுக் குடுத்த மூங்கிக் குச்சி… அது பாட்டுக்கு நிக்கிது. பாத்தா பாவமா இருக்கு.

தம்பையா: மெல்லப் பேசு! புருசனத் தின்ன புலிய பொண்டாட்டியே பாவம்னு சொன்னா…

இராக்கம்மா: படம் வரையிற அம்மாவுக்குத்தான் தமிழ் தெரியாதே.

தம்பையா: தோலுரிக்க வந்த மொஹிதீன் நானாவுக்குத் தெரியுமே.

மொஹிதீன்: என்ன தெரியும் எனக்கு?

தம்பையா: ஒண்ணுமில்ல நானா. கயிறு கைய அறுக்குதுன்னு சொன்னேன். மத்தியானத்துலேர்ந்து இந்தத் தலைய நிமித்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மரத்துல கட்டிவிட்டா ஆகாதா?

மொஹிதீன்: கட்டினா செத்த மாதிரி இரிக்காம். ஆள் பிடிச்சாத்தான் உசிரோட அசையிற மாதிரி தெரியுமாம். நான் சொல்லல்ல வாப்பா, தொரசாணி சொல்றா.

தம்பையா: அசையிறது புலியில்ல, என் கை. குளிருல நடுங்குது.

இராக்கம்மா: ஒன் கம்பளி எங்க? பனி எறங்குதுல்ல, எடுத்துப் போத்திக்கிறது…

தம்பையா: அது… நனைஞ்சு போச்சு. லயத்து வீட்டுல காயிது.

இராக்கம்மா: ரொம்ப நாளா காயிதே.

தம்பையா: நீ புலியப் பாரு.

இராக்கம்மா: ஏன் நானா, இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா? ஒரு நல்ல பூவ வரையலாம், மலைய வரையலாம்…

மொஹிதீன்: பூ வரையிற ஆள் இல்ல புள்ள இது. தொரைட தங்கச்சி, சீமையில பேர் போன படக்காரி. மிருகத்துட்ட இரிக்கிற மூர்க்கமும் மனுசன்ட மூர்க்கமும் ஒண்டுதானாம். அதத் தேடித்தான் கப்பலேறி வந்தாவாம். காட்டுப்பண்டிய வரைஞ்சா, கரடிய வரைஞ்சா, ஒங்கட கோயில்ல அலகு குத்தி ஆடினவன வரைஞ்சா…

தம்பையா: சாராயக்கடைச் சண்டைய விட்டுட்டாங்களா?

மொஹிதீன்: அதயும் வரைஞ்சாச்சு. மண்ட ஒடஞ்சவன நாக்காலியில இருத்தி.

தம்பையா: மூர்க்கம்தான் வேணும்னா விடியக்காலம் பேரு கூப்புடுற பெரட்டுக்கு வரச் சொல்லுங்க நானா. எங்க கணக்கப்புள்ள வாயத் தொறந்தா போதும். புலியே வேணாம்.

மொஹிதீன்: அத நீயே தொரைகிட்ட சொல்லு, அவர் ஒன் தோலையும் என்னட்ட உரிக்கத் தருவார். இந்தா, தொரசாணி கரிக்குச்சியக் கீழ வச்சிட்டா… நேத்து மாதிரி தாளக் கிழிக்கப் போறாவோ தெரியா.

இராக்கம்மா: கிழிக்கட்டும். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.

மொஹிதீன்: கிழிச்சா நட்டம் ஒனக்குத்தான். இங்க பாரு தங்கச்சி, நான் பதுளையிலயிருந்து வண்டி கட்டி வந்தது தோல் பதம்பண்ண. இண்டைக்கு அந்திக்குள்ள உரிக்காட்டி ரோமம் கையோட வந்துரும். தொரசாணி இண்டைக்கு முடிச்சாத்தான் எனக்குத் தோல், ஒனக்குத் துண்டு. தொரை சொன்னது நெனவிரிக்கிதானே?

இராக்கம்மா: நெனவில்லாமத்தான் இந்த நாத்தத்துல ஒக்காந்திருக்கேனா? இந்தத் தோட்டத்துலேர்ந்து விட்டாச்சுன்னு தொரை துண்டு எழுதிக் குடுக்காம, பூனாகலைத் தோட்டத்துல எங்கக்கா வீட்டு வாசல்ல கூட நிக்க முடியாது. பிடிச்சு இங்கேயே கொண்டாந்து விட்டுருவாங்க.

மொஹிதீன்: அதான் சொல்றன். புலி தின்னவன்ட பொஞ்சாதி எண்டுதான் தொரைக்கு மனசு எறங்கின. ஓடிப்போனவன்ட பொஞ்சாதியா இருந்தா துண்டு இல்ல, ஏச்சுத்தான் கெடைக்கும்.

தம்பையா: நானா, கயிறு வழுக்குது.

மொஹிதீன்: இறுக்கிப் பிடி. சரி, படத்துக்குக் கீழ எழுதணுமாம். புருசன்ட பேர் என்ன?

இராக்கம்மா: அவன்கிட்டக் கேளுங்க.

மொஹிதீன்: மௌத்தாப் போன மனுசன். பேரச் சொன்னா என்ன?

இராக்கம்மா: கட்டினவர் பேரச் சொல்லிப் பழக்கமில்ல.

தம்பையா: சிவஞானம்.

மொஹிதீன்: சிவஞானம்… இரு இரு. தேயிலப் பெட்டி வண்டியோட ஹாலிஎலக்கு வாறவன் தானே? வலது காது பிஞ்சவன்?

தம்பையா: ஆமா… அவருதான்.

மொஹிதீன்: யா அல்லாஹ், இதென்ன புதுமை! போன கெழம ஹாலிஎல வண்டிப்பேட்டையில அச்சு அசலா அவன மாதிரியே ஒருத்தன்! அதே பிஞ்ச காது! பேட்டை ஆப்பக்காரியோட, அவட சட்டி பானையெல்லாம் ஏத்திக்கிட்டு, பசறைப் பக்கம் போற வண்டியில…

தம்பையா: அவரில்ல!

இராக்கம்மா: அவரில்ல நானா!

மொஹிதீன்: அடே! ரெண்டு பேரும் ஒரே வாயில சொல்றீங்களே.

தம்பையா: இல்ல… ஒலகத்துல ஒருத்தன மாதிரி ஏழு பேரு இருப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல…

மொஹிதீன்: ஏழு பேருக்கும் காதுமா பிஞ்சிரிக்கும்? எதுக்கும் தொரைட காதுல போட்டு வைப்போம். சிரிப்பார்.

இராக்கம்மா: சிரிக்க மாட்டாரு நானா. மனுசனத் தின்ன புலியச் சுட்டேன்னு ஊரெல்லாம் பேரு வாங்கி வச்சிருக்காரு. அது மனுசனத் தின்னவே இல்லன்னு நீங்க போயி சொன்னா, அவரு பெரும என்னாகுறது? ஒங்க கடை வாசல்ல இந்தத் தோலப் பாக்க யாரு வருவா?

மொஹிதீன்: அதுவும் சரிதான்… பதுளையில இப்பவே கேக்கிறாங்க, எப்ப வரும், எப்ப வரும் எண்டு.

இராக்கம்மா: ரத்தத்தோட கெடந்த கம்பளிய அவரோடதுதான்னு அடையாளம் சொன்னவ நான். தாலிய அறுத்தவ நான். எனக்குத் தெரியாதா?

மொஹிதீன்: கோவிக்காத தங்கச்சி. வாய் தவறிட்டன். நான் போய் குசினியில உப்பு வாங்கிட்டு வாறன், புலிட காதுக்குள்ள போடணும். அதுக்குள்ள மொகத்தக் கொஞ்சம்… இப்ப என்னைப் பாத்தீங்களே, அதுல பாதியாவது புலியப் பாருங்க.

தம்பையா: போயிட்டாரா?

இராக்கம்மா: போயிட்டாரு.

தம்பையா: மதினி… நீ ஏன் அவ்வளவு வேகமா இல்லன்னு சொன்ன?

இராக்கம்மா: நீ ஏன் சொன்ன?

தம்பையா: நான்… செத்த அண்ணனப் பத்திக் கண்டபடி பேசுறாரேன்னு…

இராக்கம்மா: நானும் அதுக்குத்தான்.

தம்பையா: ம்.

இராக்கம்மா: ஒங்கண்ணனுக்கு ஆப்பம்னா உசுரு. வண்டியோட ஹாலிஎலக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு நம்ம வீட்டுச் சோறு எறங்காது. ஞாபகமிருக்கா?

தம்பையா: அதெல்லாம் இப்ப எதுக்கு?

இராக்கம்மா: சும்மாத்தான். பொழுது போகணுமே.

தம்பையா: பொழுது போயிக்கிட்டேதான் இருக்கு, மொகம்தான் வர மாட்டேங்குது. அங்க பாரு, தொரசாணி தலையில கை வச்சிருச்சு. கொஞ்சம் மனசு வச்சுக் கோவப்படேன்.

இராக்கம்மா: முடியலடா. காலையில பெரட்டு, அப்புறம் மலை, மூணாவது நாளா இங்க. கோவப்படக்கூட ஒடம்புல தெம்பு வேணும். கொழுந்துக்குப் போனா கை வலி, கொழுந்தன நம்புனா தல வலின்னு சும்மாவா சொன்னாங்க.

தம்பையா: யாரு சொன்னா?

இராக்கம்மா: நான்தான் சொல்றேன்.

தம்பையா: வெளையாடாத மதினி. இன்னைக்கு விட்டா ஒனக்குத் துண்டு இல்ல. அப்புறம் ஆயுசுக்கும் இந்த லயத்துலதான் கெடக்கணும்… புலி தின்னவன் பொண்டாட்டின்னு நாளைக்கும் நாலு பேரு வேடிக்க பாப்பான்.

இராக்கம்மா: தெரியும்.

தம்பையா: நான் ஒண்ணு சொன்னா ஒனக்குக் கோவம் வரும். நெசமான கோவம்.

இராக்கம்மா: சொல்லேன்.

தம்பையா: வந்தா புலிய மட்டும் பாக்கணும். என்னையப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.

இராக்கம்மா: சரிடா. புலியத்தான் பாக்குறேன்.

தம்பையா: அண்ணன… அண்ணன இந்தப் புலி தின்னல. மொஹிதீன் நானா பாத்தது அவரத்தான். ஆப்பக்காரியோட ஓடிப்போயிட்டாரு. தோட்டத்த விட்டு ஓடிட்டான்னு போலீசு தேடக்கூடாது, காட்டுல செத்துட்டதா இருக்கட்டும்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான்தான் ஒரு சேவல அறுத்து, ரத்தத்தப் பூசி, கம்பளியக் கிழிச்சு ஓடையோரம் போட்டேன். கூடப் பொறந்தவனாச்சே… புலியத் தேடிப் போயிச் சுடுவாங்கன்னு சத்தியமா நெனைக்கல. இந்த வாயில்லாச் சீவன் எப்பவாவது நாயத் தூக்கியிருக்கும், அவ்வளவுதான். நீ தாலி அறுத்த அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு மதினி. சொல்ல முடியல. நான் பாவி… மதினி… ஐயோ, அப்படிப் பாக்காத, எனக்கே பயமா இருக்கு…

மொஹிதீன்: அப்புடியே! அப்புடியே இரு! அசையாத புள்ள! அதான், அந்த மொகந்தான் வேணுமாம்! தொரசாணி துள்ளுறா! தம்பையா, தலைய இன்னம் கொஞ்சம் தூக்கு!

தம்பையா: தூக்கிட்டேன் நானா.

மொஹிதீன்: என்ன வெறிடா அந்தக் கண்ணுல! புலிட கண்ணு கெட்டுச்சு போ! என்ன மந்திரம் போட்ட நீ?

தம்பையா: ஒண்ணுமில்ல… அண்ணன ஞாபகப்படுத்தினேன்.

மொஹிதீன்: நல்ல காரியம் செஞ்ச. தொரசாணி சொல்றா, அந்தக் கண்ணு முடிஞ்சா படம் முடிஞ்சதாம். துண்டுக்கு இப்பவே தொரைகிட்ட சொல்லி அனுப்புறாவாம். நான் போய்க் கத்தியத் தீட்டுறன்.

தம்பையா: மதினி… துண்டு வந்துரும். கேட்டல்ல?

இராக்கம்மா: கேட்டேன்.

தம்பையா: நான் சொன்னதுனாலதானே அந்த மொகம் வந்துச்சு? அந்த ஒரு புண்ணியத்துக்காச்சும்… அண்ணன மன்னிச்சிரு மதினி.

இராக்கம்மா: யார, சிவஞானத்தையா?

தம்பையா: மதினி! பேரச் சொல்லிட்ட…

இராக்கம்மா: கயித்த இழுத்துப் பிடி. நீ சொல்லி வந்த மொகமில்ல இது. அன்னைக்கு ஓடையோரத்துல அந்தக் கம்பளிய விரிச்சுக் காட்டினாங்களே, அப்பவே வந்தது. எவன் கண்ணுலயும் பட்டுறக் கூடாதுன்னு உள்ளுக்குள்ளயே வச்சிருந்தேன். அது ஒன் கம்பளிடா. மூலையில செவப்பு நூல்ல தைச்சுக் குடுத்தவளே நான்தானே… அவன் தன் கம்பளியப் போத்திக்கிட்டுச் சொகமாப் போயிட்டான், நீ இங்க குளிருல நடுங்கிக்கிட்டு நிக்கிற. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்குத் துண்டு கெடைக்காது, புலி தின்னவன் பொண்டாட்டிக்குக் கெடைக்கும்னுதான் அது அவனோடதுன்னு சொன்னேன். செத்தவனுக்கா தாலி அறுத்தேன்னு நெனச்ச? உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுதான் அறுத்தேன்… தலைய நிமித்துடா, புலி சாயுது பாரு.