கறுப்புக் காரை ஒற்றித் துடைத்த விதம்

எனக்குத் துவட்டிக்கொள்ள ஒரே துண்டு. என் காருக்கு ஆறு. நீங்கள் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த ஷிம்கென்ட் ஊரில் என் தெருவே சிரிக்கிறது. புழுதிக் காற்று எங்கிருந்து கிளம்புகிறது என்று பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டும் புவியியல் வாத்தியார் நான். அதே புழுதியில் ஓட்டக் கறுப்புக் கார் வாங்கினேன். என் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டும்.

கறுப்புப் பெயிண்டைப் புழுதியோடு தேய்த்தால், வெயிலில் சிலந்தி வலை மாதிரிச் சுழல் சுழலாகக் கோடுகள் தெரியும். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்க வேண்டும். ஒரு வாளியில் சோப்பு, இன்னொன்றில் துணியை அலச. கடைசியில் துண்டை விரித்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

என் மனைவி ஆய்நூரின் அண்ணன் ஒரின்பாசருக்கு இதெல்லாம் கிடையாது. குதிரை வளர்த்தவர். ஞாயிறுதோறும் வருவார். சவாரி முடிந்த குதிரையைத் தேய்ப்பதுபோல, காய்ந்த சாக்குத் துணியால் என் காரை முன்னாலிருந்து பின்னால் வரை தேய்த்துவிடுவார்.

"மாப்ள, உன் குதிரைக்கு உடம்பு பிடிச்சு விட்டிருக்கேன். கனைக்குது பாரு."

மச்சான் அன்பாகச் செய்வதைத் தடுக்க முடியுமா? நன்றி சொல்லி, டீ ஊற்றிக் கொடுத்து, அடுத்த மூன்று மாலைகள் பாலிஷ் மெஷினோடு முட்டிபோட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் பெயிண்ட் கொஞ்சம் மெலியும். நானும்தான்.

அந்த ஞாயிறு அவர் வருவதற்குள் கழுவிவிட்டேன். தேய்க்கப் புழுதி இல்லாமல், ஏமாந்த முகத்தோடு உள்ளே போனார். சிறிது நேரத்தில் ஆய்நூர் ஓடி வந்தாள்.

"ஏங்க, அண்ணன் நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாரு. கார எடுங்க."

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடு."

"போட்டாச்சு, நாப்பது நிமிஷம் ஆகுமாம். நாம போனா பத்து நிமிஷம்."

கார் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அப்படியே மண் சாலையில் இறக்கினால் புழுதி சேறாக அப்பும். சாவியைக் காணோம் என்றேன். அவள் அலமாரி அலமாரியாகத் தேடினாள்.

"அந்தத் துணியக் கீழ போட்டுட்டு நீங்களும் தேடுங்களேன்," என்று சன்னல் வழியே கத்தினாள்.

கூரை, பானெட், கதவுகள் என்று ஒற்றி எடுத்தேன். அவசரத்திலும் தேய்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது; மேசைமேல் கிடந்தது என்று அவளிடம் சொன்னேன்.

"குதிரை நல்லா ஓடுது, மாப்ள," என்று பின்சீட்டிலிருந்து சொன்னார். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

"கண்ணெதிர இருந்த சாவிய எனக்குப் பாக்கத் தெரியல," என்று ஆய்நூர் இன்றுவரை தன்னையே திட்டிக்கொள்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஐயா. காரில் ஏறும்போது அவர் தடுமாறியதில், மோதிரம் கதவில் ஒரு கோடு இழுத்துவிட்டது. மெஷின் போட்டால் பத்து நிமிட வேலை. நான் இன்னும் எடுக்கவில்லை. மச்சான்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.