வாசல் சரிவு

என்ன மேஸ்திரி, குனிஞ்சு குனிஞ்சு தடவிப் பார்க்கறீங்க? பழைய சிமெண்ட், உடைஞ்சு போச்சு, அவ்வளவுதான். அளவு எடுத்தோமா, எத்தனை மூட்டைன்னு சொன்னோமான்னு இருங்க. நாளன்னிக்குள்ள முடிஞ்சாகணும். அன்னிக்குத்தான் அவனை ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்பறாங்க.

யாரையா? கீழ் ரூம்ல குடியிருக்கறானே, காயில்காரன். மிக்ஸி, மோட்டாருக்கெல்லாம் செம்புக் கம்பி சுத்திக் கொடுப்பான். முன்னே கரண்டுக் கம்பத்துல வேலை. மேலேர்ந்து விழுந்ததுல இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிடுச்சு. சக்கர வண்டிதான். வாசல் ரெண்டடி உயரம் இருக்கே, அவன் எப்படி ஏறுவான் இறங்குவான்? அதுக்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சரிவைப் போட்டேன். ஆள் வைக்கலை, நானே கலவை குழைச்சுப் போட்டேன்.

என்னது, தானா உடைஞ்ச மாதிரி இல்லையா? கடப்பாரைத் தடமா?

நல்ல கண்ணுய்யா உங்களுக்கு. சரி, நான்தான் உடைச்சேன். என் வீடு, என் சிமெண்ட், என் கடப்பாரை. எவனைக் கேட்கணும்? கத்தலைங்க, என் குரலே அப்படித்தான்.

ஒன்பது மாசமா வாடகைன்னு ஒரு காசு வரலை. அதுக்காக உடைச்சேன்னு நினைச்சுடாதீங்க. நான் வாயே திறக்கலை. புது மிக்ஸியே சல்லிசாக் கிடைக்குது, எவன் வந்து காயில் கட்டறான்? அவன் என்ன பண்ணுவான் பாவம்னு விட்டுட்டேன். அப்பறம் என் மக வந்து நின்னா. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. புருஷன் அடிச்ச அடியில ஒரு கண்ணு திறக்கவே முடியலை. மாடியில இருக்கறது ஒத்த ரூம், அதுல அவளும் புள்ளைங்களும். நான் படிக்கட்டுல பாயைப் போட்டுப் படுக்கறேன். அப்பா, கீழ் ரூமைக் கொடுன்னு அவ ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாலாவது அவ மேல எரிஞ்சு விழுந்திருக்கலாம்.

தம்பி, வேற இடம் பாருப்பான்னு தன்மையாத்தான் சொன்னேன். படி இல்லாத வீடு எங்கண்ணே இருக்கு, நீங்களே தேடிக் கொடுங்க, போறேன்னான். தேடினேனே! பதினோரு வீடு ஏறி இறங்கினேன். சக்கர வண்டின்னு சொன்னதும் மூஞ்சியைத் திருப்பிக்கறானுங்க. ஒருத்தன் கேட்டான், ஆறு வருஷம் வெச்சிருந்தீங்களே, உங்களுக்கு என்ன வேண்டுதலான்னு. சுருக்குன்னுச்சு.

போன திங்கக்கிழமை பொறுமை போச்சு. உள்ளே புகுந்து மோட்டாரை எல்லாம் ஒண்ணொண்ணாத் தூக்கி ரோட்டுல வீசினேன். கம்பிச் சுருள் உருண்டு எதிர் வீட்டு வாசல் வரைக்கும் போச்சு. வாடிக்கைக்காரங்க சாமான்ணே, வேண்டாண்ணேன்னு கதறறான். விட்டேன் கன்னத்துல ஒண்ணு. உட்கார்ந்திருக்கறவனை அடிக்கறோமேன்னு கை கூசியிருக்கணும், கூசலை. இன்னொண்ணும் விட்டேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. கால்ல போன பலமெல்லாம் கையிலதான் இருக்கு. என் காலரைப் பிடிச்சு இழுத்து மூஞ்சியை மேஜையில மோதினான் பாருங்க, இதோ இந்தப் பல்லு அதுல போனதுதான். வாயெல்லாம் ரத்தம். நிமிர்ந்து பார்த்தா மாடியில என் மக நிக்கறா. தப்பிச்சு வந்த இடத்துலயும் இதேதானான்னு பார்க்கற மாதிரி ஒரு பார்வை. ராத்திரி பூரா அதுவே கண்ணுல நின்னுச்சு, தூங்கலை. விடிஞ்சதும் கடப்பாரையை எடுத்தேன்.

அவனுக்குச் சத்தம் கேட்கலையான்னா, எப்படிக் கேட்கும்? கதவைச் சாத்திக்கிட்டு, நான் வீசினதுல எந்த மோட்டார் பிழைச்சிருக்குன்னு ஓட்டிப் பார்த்துட்டிருந்தான். அந்த இரைச்சல்ல இடி விழுந்தாலும் தெரியாது. என் எண்ணமெல்லாம், வெளியே வர முடியாம ரெண்டு நாள் கிடந்தான்னா தானா வழிக்கு வருவான்னுதான். சத்தியமா, முதல்ல அதுதான் எண்ணம்.

இதுல ஒண்ணு இருக்கு, கேளுங்க. சரிவுல முன்பக்கமா இறங்கினா வண்டி இழுத்துட்டு ஓடிடும். ஒரு தடவை எதிர்ச் சுவர்ல போய் முட்டிக்கிட்டான். நான்தான் பின்பக்கமா இறங்கப் பழக்கினேன். கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, முதுகைத் தெருப்பக்கம் வெச்சு, மெல்ல விடணும். முதுகுல கண்ணு இல்லையே, அதனால கதவைத் திறந்ததும் வரலாமான்னு ஒரு குரல் கொடுப்பான். தெருவுல யார் இருந்தாலும் வான்னு சொல்லுவாங்க. சைக்கிள் நின்னாலோ நாய் படுத்திருந்தாலோ இருன்னு சொல்லுவாங்க. இந்தத் தெருவுல நண்டு சிண்டுக்குக்கூட அது பழக்கம்.

அன்னிக்கா? அன்னிக்கு நான் உள்ளே கை கழுவிட்டிருந்தேன். தடால்னு கேட்டுச்சு. ஓடி வந்து பார்த்தா வண்டி தலைகீழாக் கிடக்கு, சக்கரம் சுத்துது, உடைச்சுப் போட்ட கல்லு மேல அவன். பின்மண்டையில பதினாலு தையல். தோள் எலும்பு ரெண்டு துண்டு. நான்தான் வாரித் தூக்கிட்டு ஓடினேன். அந்தச் சட்டையை இன்னும் துவைக்கலை.

போலீஸ்காரர் வந்து விசாரிச்சார். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை சார், ஏதோ வேலைக்காக உடைச்சிருக்கார், நான்தான் அவசரத்துல குரல் கொடுக்காம வந்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டான். அவர் போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, புதுச் சரிவுக்கு ஆகற செலவை என் பாக்கியோட சேர்த்துக்குங்கண்ணேங்கறான். அந்த மேஜையிலேயே என் கழுத்தை நெரிச்சிருக்கலாம் பாவி. என் மகதான் தினமும் அவனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போறா. என்கிட்ட பேசறதில்லை. மாடியிலேர்ந்து பார்த்தாள்ல.

சரி, வேலையைக் கேளுங்க. இன்னும் ஒரு முழம் அகலம் வேணும். ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. இந்தத் தூணுல ஒரு கண்ணாடி, பஸ்ல டிரைவர் பக்கத்துல இருக்குமே, அந்த மாதிரி பெரிசா. உள்ளே உட்கார்ந்தே சரிவு முழுசும் அவனுக்குத் தெரியணும்.

எதுக்கு வீண் செலவா? ஒரு குரல் கொடுத்தா தெருவுல சொல்ல ஆளில்லையாங்கறீங்க. இருக்காங்க. ஆனா இனிமே அவன் யாரையும் கேட்கக் கூடாது மேஸ்திரி.

குரல் கொடுக்காம எல்லாம் வரலை அவன். கதவைத் திறந்தான், நிலையைப் பிடிச்சான், வரலாமான்னு கேட்டான். நான் கடப்பாரையோட இங்கேதான், இப்ப நீங்க நிக்கறீங்களே, இதே இடத்துல நின்னுட்டிருந்தேன். வான்னு சொன்னேன். ஆறு வருஷமாக் கேட்ட குரல், அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.